பழைய அனல் மின் நிலையத்தை என்ன செய்யலாம்? கரியமில வாயுவைக் குறைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது 1979-ல். அங்கே 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மேட்டூரில் அதே அளவில் நான்கு, வட சென்னையில் மூன்று. இந்த வகை அலகு ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவைப் புகைபோக்கி வழியாக அனுப்புகிறது. முழுத் திறனில் ஓடும் நாளில் ஒரே ஒரு அலகிலிருந்து மட்டும் சுமார் 5,000 டன். இதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று பேச்செடுத்தால் வரிசையாகப் பல யோசனைகள் வரும்: வாயுவைப் பிடித்து மண்ணுக்கு அடியில் அனுப்பலாம், பாய்லரை மாற்றித் திறனைக் கூட்டலாம், வைக்கோலையோ அம்மோனியாவையோ நிலக்கரியோடு கலந்து எரிக்கலாம், எரிவாயுவுக்கு மாறலாம், நிலையத்தையே மூடிவிட்டு சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் போகலாம்.

இவை எல்லாமே உலகத்தில் எங்கேயாவது ஓட்டிப் பார்த்த தொழில்நுட்பங்கள்தான், எதுவும் வெறும் கற்பனை இல்லை. ஆனால் ஓர் இடத்தில் ஓடியது நம்முடைய நிலையத்துக்குப் பொருந்துமா என்று முடிவெடுக்க மூன்று கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். இந்த நிலையத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுள் இருக்கிறது? பிடித்த வாயுவை எங்கே வைப்பது? பத்து யூனிட் மின்சாரத்தை இந்த வழியில் செலவழித்தால் கடைசியில் எத்தனை யூனிட் கைக்கு வரும்? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, பல திட்டங்கள் அங்கேதான் அடிபட்டுப் போகின்றன.

வாயுவைப் பிடிக்கும் முறையிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதிகம் பேசப்படுவதும் அதிகம் பணம் போனதும் அதில்தான். நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 12 முதல் 14 சதவீதம் வரைதான் இருக்கும், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். அந்தப் புகையை 40 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து ஓர் உயரமான கோபுரத்துக்குள் கீழிருந்து மேலே விடுவார்கள், மேலிருந்து அமீன் என்ற ரசாயனத்தின் கரைசல் வழிந்து இறங்கும். கரியமில வாயு அமீனோடு ஒட்டிக்கொள்ளும், மற்றது வெளியே போய்விடும். வாயுவைச் சுமந்த கரைசலை இன்னொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் அது வாயுவை விட்டுவிடும், கரைசல் திரும்ப முதல் கோபுரத்துக்கு வரும். வேதியியல் இவ்வளவுதான், எண்பது தொண்ணூறு வருஷமாக எரிவாயு ஆலைகளில் புழங்குகிற சமாச்சாரம். சிக்கல் அந்தச் சூட்டில் இருக்கிறது. அந்த வெப்பத்துக்கு வேண்டிய நீராவியை டர்பைனைச் சுழற்றிக்கொண்டிருக்கும் நீராவியிலிருந்தே உருவியாக வேண்டும். அப்புறம் வெளியே வந்த வாயுவைக் குழாயில் அனுப்ப நூறு மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும், அந்தக் கம்ப்ரஸருக்கும் மின்சாரம் வேண்டும். மொத்தத்தில் நிலையம் தயாரிப்பதில் 20 முதல் 30 சதவீதம் இந்த வேலைக்கே போய்விடும். பத்து யூனிட்டில் ஏழோ எட்டோதான் வெளியே வரும்.

கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் எஸ்டவன் ஊருக்கு அருகே பவுண்டரி டேம் என்ற நிலையம் இருக்கிறது. பழுப்பு நிலக்கரியில் ஓடுவது. அதன் மூன்றாவது அலகில் 2014-ல் இந்த அமீன் முறையைப் பொருத்தினார்கள். பெரிய அளவில் ஓடும் நிலக்கரி மின் நிலையம் ஒன்றில் பிடிப்பு ஆலை வந்தது உலகத்திலேயே அதுதான் முதல். அலகையும் புதுப்பித்து ஆலையையும் கட்ட ஏறத்தாழ 150 கோடி கனடா டாலர் ஆனது, கையில் வரும் மின்சாரமோ 110 மெகாவாட்டை ஒட்டி. வருஷத்துக்கு 10 லட்சம் டன் பிடிப்பது திட்டம், நடைமுறையில் அதை எட்டுவது பெரும்பாடாகவே இருந்திருக்கிறது. சாம்பல் துகள்கள் கரைசலில் கலந்து அமீனைக் கெடுத்தன, வெப்பமாற்றிகள் அடைத்துக்கொண்டன, 2021-ல் கம்ப்ரஸர் பழுதாகி மாதக்கணக்கில் நின்றது. இருந்தாலும் 2023-க்குள் 50 லட்சம் டன் பிடித்துவிட்டார்கள், அதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த நிலையத்தை நடத்தும் மாநில நிறுவனமே 2018-ல் என்ன சொன்னது தெரியுமா? பக்கத்தில் இருக்கும் நான்காவது, ஐந்தாவது அலகுகளுக்கு இதைச் செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தது. ஒரு தடவை செய்து கற்றுக்கொண்டவர்கள், அதே வளாகத்தில், அதே நிலக்கரியோடு, மறுபடி செய்யவில்லை. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான மதிப்பீடு அதுதான்.

டெக்சாஸில் பெட்ரா நோவா கதை வேறு மாதிரி. ஹூஸ்டனுக்கு அருகே டபிள்யூ. ஏ. பாரிஷ் நிலையத்தில் ஒரு பெரிய அலகின் புகையிலிருந்து 240 மெகாவாட்டுக்கு ஈடான பங்கை மட்டும் பிரித்து எடுத்து 2017-ல் தொடங்கினார்கள், செலவு சுமார் 100 கோடி அமெரிக்க டாலர். டர்பைனிலிருந்து நீராவி எடுக்காமல் தனியாக ஓர் எரிவாயு டர்பைனை வைத்து நீராவியும் மின்சாரமும் தயாரித்துக்கொண்டதால் நிலக்கரி அலகின் உற்பத்தி குறையவில்லை. ஆனால் அந்த எரிவாயு டர்பைன் விட்ட புகையை யாரும் பிடிக்கவில்லை. பிடித்த வாயுவை 130 கிலோமீட்டர் குழாயில் அனுப்பி ஒரு பழைய எண்ணெய் வயலில் செலுத்தி எண்ணெயைப் பிதுக்கி எடுத்தார்கள், அந்த எண்ணெய் விற்ற பணத்தில்தான் ஆலையின் கணக்கு நின்றது. 2020 மே மாதம் எண்ணெய் விலை விழுந்ததும் ஆலையை நிறுத்தினார்கள், 2023 செப்டம்பரில்தான் திரும்ப ஓடியது. பருவநிலைக்காகக் கட்டிய ஆலை எண்ணெய்ச் சந்தையை நம்பி நின்றது என்பதுதான் இதில் எனக்கு உறுத்துவது.

நம் ஊருக்கு வந்தால் இன்னொரு படி முன்னாலேயே தடுக்கிறது. அமீனுக்குக் கந்தக டை ஆக்சைடு ஆகாது, அதோடு சேர்ந்தால் திரும்பப் பிரியாத உப்பாகிக் கரைசல் வீணாகும். அதனால் பிடிப்பு ஆலைக்கு முன்னால் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் அமைப்பு கண்டிப்பாக வேண்டும். இந்தியாவில் அதைக் கட்டாயமாக்கும் விதி 2015-லேயே வந்தது, கெடு தள்ளித் தள்ளிப் போய் 2025 ஜூலையில் நாட்டின் 78 சதவீத அனல் அலகுகளுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். கந்தகத்தைப் பிடிக்கவே காசில்லை என்று சொல்லும் நிலையங்களில் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கரியமில வாயு ஆலையைப் பொருத்துவோம் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. மேட்டூர் மாதிரி காவிரித் தண்ணீரை நம்பி இருக்கும் நிலையத்துக்குத் தண்ணீர்க் கணக்கும் உண்டு, பிடிப்பு ஆலை சேர்ந்தால் தண்ணீர்த் தேவை ஒன்றரை மடங்குக்குப் போகும்.

சரி, பிடித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது? தூத்துக்குடியிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் பலருக்கும் அது தெரியாது. அங்குள்ள டூட்டிகொரின் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து சோடா உப்புத் தயாரிக்கும் அமைப்பு 2016-ல் ஓடத் தொடங்கியது. கார்பன் க்ளீன் நிறுவனத்தின் கரைசல், வருஷத்துக்கு 60,000 டன், அரசு மானியம் இல்லாமல் செய்தது என்று உலகச் செய்திகளில் எல்லாம் வந்தது. ஆலைக்கு எப்படியும் கரியமில வாயு வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது, அதைத் தன் புகையிலிருந்தே எடுத்துக்கொண்டது. மிக நல்ல வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஊரில் இருக்கும் அனல் நிலையத்தோடு ஒப்பிட்டால் 60,000 டன் என்பது ஒரு 210 மெகாவாட் அலகு பன்னிரண்டு நாளில் வெளியிடும் அளவு. சோடா உப்பு பெருமளவு கண்ணாடி ஆலைக்குப் போகிறது, அங்கே உலையில் மணலோடு உருகும்போது அதே கரியமில வாயு திரும்ப வெளியே வந்துவிடும். விற்பனைப் பொருளாக்குவது வேறு, நிரந்தரமாக வைப்பது வேறு.

மத்தியப் பிரதேசத்தில் விந்தியாசல் நிலையத்தில் மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி நாளுக்கு 20 டன் பிடிக்கும் சோதனை ஆலை வைத்திருக்கிறது, அந்த வாயுவோடு ஹைட்ரஜன் சேர்த்து மெத்தனால் ஆக்குவது திட்டம். இதை மூன்றாவது கேள்வியில் போட்டுப் பாருங்கள். ஒரு டன் மெத்தனாலுக்குக் கிட்டத்தட்ட 1.4 டன் கரியமில வாயுவும் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும், ஆக மொத்தம் 9,500 யூனிட்டுக்குக் குறையாது. அந்த 1.4 டன் வாயுவை வெளியிட்டபோது நிலையம் தயாரித்த மின்சாரம் 1,400, 1,500 யூனிட்தான். அதாவது 1,500 யூனிட் தயாரித்ததால் வந்த புகையைத் திரும்ப எரிபொருளாக்க ஆறு மடங்கு பசுமை மின்சாரம் செலவாகிறது. அவ்வளவு பசுமை மின்சாரம் கையில் இருந்தால் அதை நேரே கம்பியில் அனுப்பி நிலக்கரி அலகை நிறுத்திவிட்டுப் போகலாமே! கப்பலுக்கும் ரசாயன ஆலைக்கும் மெத்தனால் தேவைப்படும் என்பது வேறு விஷயம், அதை மின் நிலையத்தின் தீர்வாகச் சொல்லக் கூடாது.

நிலத்துக்கு அடியில் என்றால் தமிழ்நாட்டில் பொருத்தமான படிவுப் பாறைகள் இருப்பது காவிரிப் படுகைப் பக்கம், எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் டெல்டாவில். 2020-ல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிய பூமி அது. மீத்தேனுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் எதிராக நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் போராடிப் பெற்றது. அங்கே போய் இன்னொரு வாயுவை உள்ளே செலுத்துகிறோம், ஆபத்தில்லை, நம்புங்கள் என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் முகம் வேண்டும். குழாய்க்கும் ஆபத்து உண்டு. 2020 பிப்ரவரி 22 அன்று மிசிசிப்பியில் சடார்ஷியா என்ற சின்ன ஊருக்கு அருகே மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் வெடித்தது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையோடு பரவியது, ஆக்சிஜன் இல்லாமல் கார் எஞ்சின்கள் பாதி வழியில் நின்றன, தப்பிக்கக் கிளம்பியவர்கள் வண்டிக்குள்ளேயே மயங்கிக் கிடந்தார்கள். 45 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நல்லவேளையாக யாரும் சாகவில்லை. டெல்டா கிராமங்களின் நெருக்கத்தில் அப்படி ஒன்றை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைக்குள் தண்ணீரோடு சேர்த்துச் செலுத்தி இரண்டே வருஷத்தில் வாயுவைக் கல்லாக்கிக் காட்டினார்கள், அருமையான வேலை, ஆனால் ஒரு டன் வாயுவுக்கு 25 டன் தண்ணீர் வேண்டும், பசால்ட் பாறையும் வேண்டும். அந்தப் பாறை நம் நாட்டில் தக்காணத்தில், மகாராஷ்டிரப் பக்கம் இருக்கிறது.

காற்றுக்குப் பதில் சுத்தமான ஆக்சிஜனில் எரிப்பது இன்னொரு முறை, புகையில் நைட்ரஜனே இருக்காது. ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸே பும்பேயிலும் ஆஸ்திரேலியாவில் கலைடிலும் சிறிய அளவில் நன்றாகவே ஓட்டிக் காட்டினார்கள், பெரிதாக யாரும் கட்டவில்லை. நிலக்கரியை முதலில் வாயுவாக்கி, எரிப்பதற்கு முன்பே கார்பனைப் பிரிக்கும் முறைக்கு மிசிசிப்பியின் கெம்பர் நிலையத்தில் 700 கோடி டாலருக்கு மேல் கொட்டி 2017-ல் கைவிட்டு, வெறும் எரிவாயு நிலையமாக ஓட்டினார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய அலகுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது.

அடுத்தது திறனைக் கூட்டுவது. பழைய 210 மெகாவாட் அலகு நிலக்கரியின் வெப்பத்தில் 35, 36 சதவீதத்தைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. 2024 மார்ச்சில் வட சென்னையில் திறந்த 800 மெகாவாட் சூப்பர்கிரிட்டிக்கல் அலகு, அதாவது மிக உயர்ந்த அழுத்தத்திலும் சூட்டிலும் நீராவியை ஓட்டும் அலகு மாதிரியானவை 40-ஐத் தாண்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், மின் நிலைய இயந்திரங்கள் செய்யும் பெல், என்டிபிசி மூன்றும் சேர்ந்து 710 டிகிரி நீராவியில் ஓடக்கூடிய அலகுக்கு உழைத்துவருகின்றன, இலக்கு 46 சதவீதம். அந்தச் சூட்டையும் சதுர சென்டிமீட்டருக்கு 310 கிலோ அழுத்தத்தையும் வருஷக்கணக்கில் தாங்கும் நிக்கல் கலவைக் குழாயை உள்நாட்டிலேயே உருவாக்கியது பெரிய சாதனை, கல்பாக்கம் உலோகவியலாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இதற்குச் சேமிப்பிடம் வேண்டாம், குழாய் வேண்டாம், பிடிப்பு முறையில் மின்சாரம் குறைகிறது என்றால் இதில் கூடுகிறது. ஆனால் 36-லிருந்து 46-க்குப் போனாலும் புகையில் குறைவது ஐந்தில் ஒரு பங்குதான், அதைப் புதிதாகக் கட்டினால்தான் பெற முடியும், கட்டினால் 2060 வரை ஓட்ட வேண்டியிருக்கும். ஐந்தில் நாலு பங்கை அடுத்த தலைமுறைக்கு நிச்சயப்படுத்திவிட்டுப் போவதுபோல் ஆகிவிடும் என்பதால் இதற்கு என் ஓட்டு இல்லை.

கலந்து எரிப்பதில் வைக்கோல் வகைத் துகள் கட்டிகள் ஒன்று. மத்திய அரசு 5 சதவீதம், பிறகு 7 சதவீதம் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு 210 மெகாவாட் அலகுக்கு நாளைக்கு 3,500 டன் நிலக்கரி என்றால் 5 சதவீதமே 175 டன். பஞ்சாபில் வயலில் தீ வைக்கும் வைக்கோலுக்கு இது நல்ல வழி. டெல்டாவில் அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் உருண்டைகளாகக் கட்டி லாரியில் மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது, அதைப் பாய்லருக்குத் திருப்பினால் பால்காரருக்குத்தான் அடி. தூத்துக்குடிக்குச் சீமைக்கருவேல் கிடைக்கும், ராமநாதபுரம் வரை அள்ள அள்ளக் குறையாது, அதை வைத்து ஓரளவு செய்யலாம். செலவு குறைவு, இன்றைக்கே தொடங்கலாம், ஆனால் பலன் அந்த ஐந்து ஏழு சதவீதத்தோடு நின்றுவிடும்.

அம்மோனியா பற்றி ஜப்பான் பெரிதாகப் பேசுகிறது. ஹெக்கினான் நிலையத்தில் 1,000 மெகாவாட் அலகொன்றில் 2024-ல் 20 சதவீதம் கலந்து எரித்துக் காட்டினார்கள், எரிப்பதில் சிக்கல் வரவில்லை. ஆனால் இன்று கிடைக்கும் அம்மோனியா பெரும்பாலும் எரிவாயுவிலிருந்து வருவது, ஒரு டன்னுக்கு இரண்டு டன் கரியமில வாயுவை முன்பே விட்டுவிட்டுத்தான் கப்பலேறுகிறது. பசுமை மின்சாரத்தில் செய்தால் ஒரு டன்னுக்கு 10,000 யூனிட் ஆகும், அதைப் பாய்லரில் எரித்தால் 2,000 யூனிட் திரும்பும். பத்துக்கு இரண்டு. நிலமும் காற்றும் போதாத ஜப்பானுக்கு இதில் ஒரு நியாயம் இருக்கலாம், முப்பந்தல், கயத்தாறு காற்றாலைகள் இருக்கும் நமக்கு என்ன அவசியம்?

எரிவாயு நிலையம் யூனிட்டுக்கு 400 கிராம் அளவில்தான் வெளியிடும், கேட்க நன்றாக இருக்கும். எரிவாயுதான் இல்லை. நாட்டில் ஏற்கெனவே கட்டிய எரிவாயு நிலையங்களில் பெரும்பகுதி கட்டுப்படியாகும் விலையில் எரிவாயு கிடைக்காமல் சும்மா நிற்கிறது.

இனி மூடுவது. 2012-ல் பிரிட்டன் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரி, 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையத்தோடு கடைசி நிலக்கரி அலகும் நின்றது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு 18 பவுண்டு கூடுதல் வரி போட்டதும் நிலக்கரி தானாகவே தோற்றது. எரிவாயு அங்கே பெரும் பங்கை ஏற்றது, அந்த வசதி நமக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நமக்கு இருப்பது சூரிய ஒளியும் காற்றும், அவற்றைத் தேக்கும் வழிகளும். 2024 டிசம்பரில் மத்திய சூரிய ஆற்றல் கழகத்தின் ஏலத்தில் 2,000 மெகாவாட் சூரிய மின்சாரமும் அதோடு 1,000 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரக்கூடிய பேட்டரியும் சேர்த்து யூனிட் 3 ரூபாய் 52 காசுக்கு விலை வந்தது. பேட்டரியில் பத்து யூனிட் போட்டால் எட்டரை திரும்பும், தண்ணீரை மேலே ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் கடம்பாறை மாதிரி நீரேற்று நிலையத்தில் ஏழரை. மேலே சொன்ன மெத்தனாலும் அம்மோனியாவும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது.

இரவு முழுக்க யார் கொடுப்பது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். நான்கு மணி நேர பேட்டரி மாலை உச்சத்தைத் தாண்டும், விடியும் வரை தாங்காது. அதனால்தான் எல்லா நிலக்கரி அலகையும் ஒரே நாளில் மூடு என்று நான் சொல்லவில்லை. பழைய 210-களை மூடுவது, வட சென்னையின் 800, உடன்குடியின் 660 மாதிரியானவற்றைத் தேவைக்கேற்ப உற்பத்தியை ஏற்றி இறக்கி ஓட்டுவது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலும் கம்பத்திலும் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது காற்றாலைகளை நிறுத்தச் சொல்வது நம் மாநிலத்தில் பல வருஷப் புகார். நிலக்கரி அலகை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது என்பது அதற்கு ஒரு காரணம். 2023-ல் மத்திய மின்சார ஆணையம் போட்ட விதிப்படி அலகை முழுத் திறனில் முதலில் 55 சதவீதம் வரையும் படிப்படியாக 40 வரையும் இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். இறக்கி ஓட்டினால் யூனிட்டுக்கு நிலக்கரி கூடும், குழாய்கள் சூடேறி ஆறிச் சீக்கிரம் தேயும், பராமரிப்புச் செலவு வரும். அதையும் கொடுத்துவிடலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் உள்ளே வரும் காற்று மின்சாரத்துக்கு எரிபொருள் செலவே கிடையாது. பிடிப்பு ஆலைக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்கு பாய்லர் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குப் போனால் இதைச் செய்துவிடலாம்.

அமீன் தொழில்நுட்பத்தை அதற்காக ஓரங்கட்டச் சொல்லவில்லை. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வெளியிடும் வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லே சூட்டில் பிரிந்து வெளிவிடுவது. சூரிய ஒளியில் ஓட்டினாலும் அது போகாது. பிடிக்க வேண்டிய இடம் அதுதான், தூத்துக்குடி சோடா ஆலையில் கற்றதைக் கொண்டுபோக வேண்டிய இடமும் அதுதான்.

மூடும் நிலையத்தில் வீணாகக் கூடாதவை இரண்டு. ஒன்று அதன் மின்பாதை. பெரும் மின்சாரத்தை ஏற்றிச் செல்லும் கோபுரங்களும் துணை மின் நிலையமும் ஏற்கெனவே நிற்கின்றன, அதே வளாகத்தில் பேட்டரியை வைத்தால் புதிதாக நிலம் தேட வேண்டாம். ஜெர்மனியில் பிப்லிஸ் அணுமின் நிலையத்தை மூடிய பிறகு அதன் ஜெனரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மின்கட்டமைப்பின் மின்னழுத்தத்தை நிலைப்படுத்தச் சுற்றவிட்டார்கள், 210-களின் ஜெனரேட்டர்களையும் அதற்குப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துப் பார்க்கலாம். இன்னொன்று, அதைவிட முக்கியம், அங்கே சாம்பலிலும் நிலக்கரி பெல்ட்டிலும் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள், ஒப்பந்தக்காரரோடு வந்தவருக்கு அந்த வழி இல்லை. மூடும் தேதியை அறிவிக்கும் அதே அரசாணையில் அவர்களுடைய பெயர்ப்பட்டியலும், வளாகத்தில் வரப்போகும் வேலைகளுக்கான பயிற்சியும், இடைப்பட்ட மாதங்களின் கூலியும் இருக்க வேண்டும்.